வீட்ல சத்தமா பாட்டு கேக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கமும் கெடக்கூடாது, வழி இருக்கா?

மாடிவீட்டு_ரசிகன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வாசிக்கிறவன், எழுதறது இதான் முதல் தடவை, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது அடுக்குமாடி குடியிருப்புல, நடு மாடி, அதனால மேல கீழ இடது வலதுன்னு எல்லா பக்கமும் ஆளுங்க இருக்காங்க. வாடகை வீடு. எனக்கு பாட்டுங்கறது வேலை செய்யறப்ப பின்னாடி ஓடிட்டு இருக்கற சமாச்சாரம் இல்ல, உக்காந்து கேக்கணும், ஒரு ஆல்பத்த எடுத்தா கடைசி பாட்டு வரைக்கும் எந்திரிக்காம கேக்கணும். மிருதங்கத்துல கனமான சத்தம் தர்ற தொப்பி பக்கம் கும்கிங்கற வழுக்கற அடி விழறப்ப அது வயித்துல தெரியணும். அதுக்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமா காசு சேத்து ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் கீழ்ஸ்தாயி சத்தத்துக்குன்னே தனியா ஒரு 10 இன்ச் சப்வூஃபரும் வாங்கி ஹால்ல வெச்சிருக்கேன்.

கீழ் வீட்ல ஒரு அம்மா, அவங்க பொண்ணு, கைக்குழந்தை. போன வாரம் அந்த அம்மா கதவ தட்டினாங்க. சண்டையெல்லாம் இல்ல, ரொம்ப தன்மையாதான் பேசினாங்க. "தம்பி, நீங்க பாட்டு கேக்கறதுல எனக்கு ஒன்னும் இல்லப்பா, பாட்டே எங்களுக்கு கேக்கல, அந்த தும் தும்னு இடிக்கறது மட்டும்தான் வருது, பாப்பா திடுக்கு திடுக்குனு முழிச்சுக்குது"ன்னாங்க. அன்னைக்கே வால்யூம பாதிக்கு மேல குறைச்சிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு படிக்கட்டுல பாத்து கேட்டா, குறைஞ்சிருக்கு ஆனா இன்னும் இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு இங்க பாட்டு சப்புன்னு இருக்கு, பாதி விஷயம் காதுலயே விழல, அவங்களுக்கு மட்டும் எப்படி கேக்குதுன்னு புரியல. பொய் சொல்ற ஆளுங்க கிடையாது அவங்க.

இப்ப என் கேள்வி என்னன்னா, எவ்ளோ டெசிபல்ல வெச்சா அடுத்த வீட்டுக்கு போகாதுன்னு ஏதாவது கணக்கு இருக்கா, செவுத்துல ஒட்டற முட்டை அட்டை மாதிரி ஃபோம் விக்கறாங்களே அது வாங்கி ஒட்டினா நிக்குமா, எந்த நேரம் போடறது நியாயம் எந்த நேரம் நியாயம் இல்ல, இல்ல பேசாம ஸ்பீக்கர வித்துட்டு ஹெட்ஃபோனுக்கு போயிடறதுதான் ஒரே வழியா. ஹெட்ஃபோன் எனக்கு பிடிக்காம இல்ல, ஆனா வீட்ல அவங்களும் நானும் சேந்து உக்காந்து கேக்கறோம், அது போயிடும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஒலிக்கூடம்:

நண்பா, அந்த அம்மா சொன்னத வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுத்துக்கோங்க. பாட்டு கேக்கல, தும் தும் மட்டும் வருதுன்னு சொன்னாங்க பாருங்க, அதுல மொத்த விஷயமும் இருக்கு. நான் ரெக்கார்டிங் ஸ்டுடியோல வேலை பாக்கறேன், எங்க பொழப்பே இந்த பேஸோட, அதாவது கீழ்ஸ்தாயி சத்தத்தோட, மல்லுக்கட்டறதுதான்.

செவுரு எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி நிறுத்தாது. சத்தம் செகண்டுக்கு எத்தன தடவை அதிருதுங்கறதுதான் ஃப்ரீக்வன்சி, அத ஹெர்ட்ஸ்ல சொல்வோம், அதுக்கு ஏத்த அலைநீளம்னு ஒன்னு இருக்கு. 5000 ஹெர்ட்ஸ்ல இருக்கற ஜால்ரா சத்தம் மாதிரி ஒன்னுக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான், 50 ஹெர்ட்ஸ் பேஸுக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர், அதாவது உங்க ஹால விட பெருசா கூட இருக்கும். செவுத்தோட எடைதான் சத்தத்த தடுக்குது, அந்த எடையோட வேலை ஃப்ரீக்வன்சி பாதியாகறப்ப எல்லாம் சுமார் 6 டெசிபல் குறைஞ்சிட்டே போகும், இது ஏட்டுக் கணக்கு, நிஜ செவுத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். 800 ஹெர்ட்ஸ்ல இருந்து 50 ஹெர்ட்ஸுக்கு நாலு தடவை பாதி ஆகுது, ஆக அதே செவுரு பேஸ 24 டெசிபல் கம்மியாதான் தடுக்கும். குரல், வயலின், கிட்டார் எல்லாம் செவுத்துலயே செத்துடுது, டிரம்மும் பேஸும் மட்டும் அந்தப் பக்கம் போய் சேருது. நீங்க கேக்கறது பாட்டு, அவங்க கேக்கறது அதோட அடிச்சட்டம் மட்டும். ரெண்டு பேரும் ஒரே சத்தத்த பத்தி பேசல, அதனாலதான் "நான் குறைச்சுட்டேனே" "இன்னும் இருக்கே"ன்னு ரெண்டு பக்கமும் உண்மையாவே இருக்கு.

ரெண்டாவது, சப்வூஃபர் தரையில நேரா உக்காந்திருக்கு. அது காத்த மட்டும் தள்ளல, பெட்டியே அதிர்ந்து தரையையும் அதிர வைக்குது. உங்க தரைதான் அவங்க சீலிங். ஒரு நிமிஷம் ஒரு வேலை பண்ணுங்க, பேஸ் ஜாஸ்தி இருக்கற பாட்ட போட்டுட்டு செருப்பில்லாம சப்வூஃபர் பக்கத்துல நின்னு பாருங்க, அப்பறம் உள்ளங்கைய விரிச்சு செவுத்துல வெச்சு பாருங்க. பாதத்துல தெரியுதுன்னா கீழ் வீட்டுக்கு போகுதுன்னு அர்த்தம், கையில தெரியுதுன்னா பக்கத்து வீட்டுக்கு.

ஃபோம் பத்தி கேட்டீங்க. வாங்காதீங்க, காச வீணாக்காதீங்க. ஃபோம் ரூமுக்குள்ள எதிரொலிய குறைக்கத்தான், அதுவும் மேல்ஸ்தாயி சத்தத்த மட்டும். அத வெச்சு பேஸ நிறுத்தப் பாக்கறது கொசுவலைய கட்டி காத்த நிறுத்தப் பாக்கற மாதிரி. சத்தத்த தடுக்க எடை வேணும், காத்து புகாத அடைப்பு வேணும், ரெண்டு செவுருக்கு நடுவுல ஒன்ன ஒன்னு தொடாத இடைவெளி வேணும். ஸ்டுடியோல ரூமுக்குள்ள ரூம் கட்டி உள் ரூம ரப்பர் மேல நிக்க வைக்கறது அதுக்குத்தான். வாடகை வீட்ல அது நடக்காது, ஆனா காசு செலவில்லாம செய்யறதுக்கே நிறைய இருக்கு.

முதல்ல சப்வூஃபர் எங்க இருக்கு? மூலையில இருந்தா அங்கிருந்து வெளிய இழுங்க. தரை, ரெண்டு செவுரு மூணும் சேர்ற இடத்துல பேஸ் பல டெசிபல் தானா ஏறும். பொது செவுத்த, அதாவது அடுத்த வீட்டோட பங்கு போடற செவுத்த ஒட்டி எந்த ஸ்பீக்கரும் இருக்க வேண்டாம். அடுத்தது சப்போட லெவல் திருகி, பின்னாடி இருக்கும் பாருங்க, அத மட்டும் குறைங்க, மெயின் வால்யூம தொடாதீங்க. இங்க ஒரு நல்ல செய்தி சொல்றேன், மனுஷ காது 50 ஹெர்ட்ஸ்ல ரொம்ப மந்தம், சுமார் 44 டெசிபலுக்கு கீழ இருந்தா காதே அத கண்டுக்காது, ஆனா அந்த எல்லைய தாண்டிட்டா ஒவ்வொரு டெசிபலும் நடு ஸ்தாயிய விட வேகமா பெருசா தெரியும். அதனால அவங்க வீட்ல இப்ப அந்த எல்லைக்கு கொஞ்சம் மேல இருக்கற பேஸ 5, 6 டெசிபல் குறைச்சா உங்களுக்கு ஓரளவு வித்தியாசம்தான் தெரியும், அவங்களுக்கு மொத்தமா காணாம போகவே வாய்ப்பு இருக்கு.

கடைசியா, இத எல்லாம் பண்ணிட்டு நீங்களே கீழ போய் கேளுங்க. வீட்ல அவங்கள பாட்டு போடச் சொல்லிட்டு அந்த அம்மா வீட்ல குழந்தை தூங்கற ரூம்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. இத விட நல்ல மீட்டர் கிடையாது.


பகல்தூக்கம்:

நான் கீழ் வீட்டுக்காரி பக்கம் இருந்து எழுதறேன், எனக்கு ராத்திரி வேலை, பகல்லதான் தூக்கம். அண்ணன் மேல சொன்ன அறிவியல் எல்லாம் சரி, ஆனா அந்த சத்தத்த கேட்டுட்டு படுத்திருக்கறது எப்படின்னு யாராவது சொல்லணும்.

அது சத்தம் பெருசா இருக்குங்கறதால இல்லைங்க. சத்தம்னு பாத்தா வெளிய வண்டி போற சத்தம் அதைவிட பெருசு, அதுல நான் நல்லா தூங்குவேன். இது வேற. பாட்டு கேட்டா கூட மனசு அது கூட போயிடும், ஆனா பாட்டு இல்லாம அடி மட்டும் வருது, எந்த பாட்டுன்னும் தெரியல எப்ப முடியும்னும் தெரியல. அடி நின்னதும் அப்பாடான்னு கண்ண மூடுவோம், அடுத்த பாட்டு ஆரம்பிக்கும். அப்பறம் சத்தம் வராத நேரத்துலயும் அத எதிர்பாத்துக்கிட்டே படுத்திருப்போம், அதான் கொடுமை. தலையணைல காத வெச்சா இன்னும் கூடத்தான் கேக்கும், கட்டில் கால் வழியா ஏறி வருது, ரெண்டு கையால காத பொத்தினாலும் போகாது ஏன்னா அது காது வழியா மட்டும் வர்றதில்ல. என் அலமாரில கண்ணாடி டம்ளர் ரெண்டு ஒட்டி இருக்கும், குறிப்பிட்ட ஒரு நோட்டு வர்றப்ப மட்டும் அது கிர்ருனு சிலிர்க்கும், எழுந்து போய் அத பிரிச்சு வெச்சுட்டு வந்து படுப்பேன்.

போய் சொல்லவும் கூச்சமா இருக்கும். ஒரு தடவை சொல்லலாம். ரெண்டாவது தடவை சொன்னா நாமதான் சண்டைக்காரின்னு ஆயிடுவோமோன்னு பயம். உங்க கீழ் வீட்டு அம்மா வந்து சொன்னாங்கன்னா அதுக்கு முன்னாடி பல நாள் பொறுத்துட்டுதான் வந்திருப்பாங்க, இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

எனக்கு எது உதவுச்சுன்னா, மேல் வீட்டு பையன் ஒரு நாள் வந்து அக்கா நீங்க எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும் தூங்குவீங்கன்னு கேட்டான். அவ்ளோதான். இன்னைக்கு வரைக்கும் அந்த நேரத்துல சத்தம் வராது, மத்த நேரம் அவன் எவ்ளோ சத்தமா போட்டாலும் எனக்கு ஒரு கோவமும் வர்றதில்ல, உண்மையாவே வர்றதில்ல. எப்ப நிக்கும்னு தெரிஞ்சா பாதி பாரம் இறங்கிடும்.


நேர்ப்பேச்சு:

எல்லாரும் கேக்கறவர் தலையிலயே ஏத்தறீங்க, நான் கொஞ்சம் மறுபக்கமும் சொல்லிடறேன். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற செவுரும் தரையும் மெல்லிசா கட்டினது அவர் இல்ல. சேர இழுத்தா கேக்குது, குழந்தை ஓடினா கேக்குது, இதெல்லாம் வீடு கட்டினவங்க செய்யாம விட்ட வேலை, அதுக்கு மேல் வீடும் கீழ் வீடும் ஒருத்தர ஒருத்தர் குறை சொல்லிக்கறாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மனுஷன் தன் வீட்ல ஓரளவு சத்தத்துல பாட்டு கேக்கறது குத்தம் கிடையாது. சேந்து வாழற இடத்துல கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், நிசப்தம் வேணும்னு யாரும் உரிமை கோர முடியாது.

அதே நேரம் ராத்திரி விஷயம் வேற, அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. பெரும்பாலான ஊர்கள்ல ராத்திரிக்கு தனி வரம்பு இருக்கும், நேரமும் அளவும் ஊருக்கு ஊர் மாறும், உங்க ஊர் விதியையும் குடியிருப்பு விதியையும் ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் 1999ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல படுக்கையறைக்குள்ள தொடர்ந்து வர்ற சத்தம் 30 டெசிபலுக்கு மேல போனா தூக்கத்த பாதிக்கும்னும், திடீர்னு வர்ற சத்தம் 45 தாண்டக்கூடாதுன்னும் இருக்கு. 30 டெசிபல்னா கிசுகிசுன்னு பேசற அளவுதான். அதுவும் பேஸ் கலந்த சத்தமா இருந்தா அதைவிட கம்மியா இருக்கணும்னும் அதுலயே சொல்லியிருக்காங்க. ஆக ராத்திரில சப்வூஃபர் ஓடிட்டு இருந்தா நியாயம் கீழ் வீட்டு பக்கம்தான்.


மாடிவீட்டு_ரசிகன்:

எல்லாருக்கும் மனசார நன்றி. பகல்தூக்கம் அக்கா நீங்க எழுதினத வீட்ல அவங்களுக்கும் படிச்சு காட்டினேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

ஒலிக்கூடம் அண்ணே, சப்வூஃபர் நீங்க சொன்ன மாதிரி மூலையிலதான் இருந்துச்சு, அதுவும் டிவி ஸ்டாண்டுக்கு பக்கத்துல. செருப்பில்லாம நின்னு பாத்தேன், குதிகால்ல நல்லா தெரிஞ்சுது. இப்ப செவுத்துல இருந்து ஒரு மீட்டர் வெளிய எடுத்து வெச்சிருக்கேன், லெவலும் குறைச்சிருக்கேன். போன்ல ஒரு ஆப் போட்டு அளந்தேன், நான் உக்கார்ற இடத்துல 72 காட்டுது, வாசல் கதவுக்கு வெளிய 45 கிட்ட, கீழ் படிக்கட்டுல கிட்டத்தட்ட ஒன்னுமே காட்டல. அப்படின்னா சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? ரப்பர் பேட் ஒன்னு சப்வூஃபருக்கு அடியில போடச் சொல்றாங்க அது உபயோகமா? அப்பறம் பேஸ குறைச்சா பாட்டு உயிரில்லாம இருக்கு, அதுக்கு என்ன பண்றது?


ஒலிக்கூடம்:

ஆப் காட்டற நம்பர நம்பாதீங்க தம்பி, முக்கியமா இந்த விஷயத்துக்கு. அந்த ஆப் எல்லாம் பெரும்பாலும் ஏ-வெயிட்டிங்னு ஒரு வடிகட்டி போட்டுதான் நம்பர காட்டும், காதுக்கு மந்தமா இருக்கற பேஸ அது கணக்குல கழிச்சிடும், 50 ஹெர்ட்ஸ்ல கழிவு 30 டெசிபல். நிஜமா 75 டெசிபல் பேஸ் இருந்தாலும் மீட்டர் 45ன்னுதான் சொல்லும். போன் மைக்கும் பேச்சுக்காக செஞ்சது, கீழ்ஸ்தாயில சரியா எடுக்காது. ஆப்ல பேஸ அவ்வளவா கழிக்காத சி-வெயிட்டிங் இருந்தா அதுல வெச்சு பாருங்க, நம்பர் எகிறும். அதனாலதான் கீழ போய் காதால கேளுங்கன்னு சொன்னேன், படிக்கட்டுல இல்ல, அவங்க ரூம்ல.

வாசல் கதவுக்கு வெளிய 45 வருதுன்னீங்களே, அது கதவுக்கு அடியில இருக்கற சந்து வழியா போகுது. ஒரு செவுத்துல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தா போதும், மீதி செவுரு என்ன கனமா இருந்தாலும் மொத்த தடுப்பு 20 டெசிபல தாண்டாது. கதவுக்கு அடியில ஒட்டற ரப்பர் பட்டை விக்கறாங்க, வாடகை வீட்லயும் ஒட்டலாம், குரலும் மேல்ஸ்தாயி சத்தமும் வெளிய வராண்டாவுக்கு போறது நல்லா குறையும். பேஸுக்கு உதவாது.

ரப்பர் பேட் விஷயத்துல பாதி உண்மை பாதி விளம்பரம். பெட்டி நேரா தரைக்கு கொடுக்கற அதிர்வ அது குறைக்கும், ஆனா ரப்பர் கெட்டியா இருந்தா ஒன்னும் நடக்காது, பெட்டி எடைக்கு அது நல்லா அமுங்கணும், கையால அழுத்தி விட்டா மெதுவா ஆடி நிக்கற அளவுக்கு. அப்படி ஆடாத பேட் கீழ்ஸ்தாயில இருக்கா இல்லையான்னே தெரியாது. இன்னொன்னு, காத்து வழியா போய் தரையையே உலுக்கற பேஸுக்கு எந்த பேடும் மருந்தில்ல. பேட் போடுங்க, ஆனா லெவல ஏத்தறதுக்கு அது லைசன்ஸ் இல்ல.

இப்ப முக்கியமான கேள்விக்கு வர்றேன், உயிரில்லாம இருக்குன்னீங்களே. வால்யூம் குறையறப்ப காதுல பேஸ் மத்ததை விட வேகமா மறையும், இத ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே அளந்து வெச்சுட்டாங்க. அதனால தப்பு உங்க ஸ்பீக்கர்ல இல்ல. இதுக்கு எனக்கு தெரிஞ்சு ஒரே நல்ல வழி, கிட்ட உக்கார்றது. ஸ்பீக்கர்ல இருந்து மூணு மீட்டர் தள்ளி உக்காந்திருந்தா ஒன்னரை மீட்டருக்கு வாங்க. தூரம் பாதியானா நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் ஏறும், ரூம்ல எதிரொலியும் சேர்றதால கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா காதுக்கு தெளிவா தெரியும். உங்களுக்கு அதே சத்தம், ஆம்ப்ளிஃபயர் கம்மியா வேலை செய்யுது, கீழ் வீட்டுக்கு போறது அந்த அளவு குறையுது. நாங்க ஸ்டுடியோல மானிட்டர் ஸ்பீக்கர கை எட்டற தூரத்துல வெச்சுக்கிட்டு மிக்ஸ் பண்றது இதனாலதான், மணிக்கணக்கா வேலை பாத்தாலும் காதும் களைக்காது. ரெண்டு பேரு சேந்து கேக்கறீங்க, ரெண்டு நாற்காலிய பக்கத்துல பக்கத்துல போட்டு ஸ்பீக்கர முன்னாடி இழுத்துக்கோங்க, கேட்டு முடிச்சதும் தள்ளி வெச்சுக்கலாம். பெரிய பேஸுக்கு பதிலா 100ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஈக்வலைசர்ல (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனியா ஏத்தி இறக்கற வசதி) ஒரு ரெண்டு மூணு டெசிபல் ஏத்தினா பேஸ் கிட்டார், மிருதங்கம் எல்லாம் கனமா இருக்கற மாதிரி காது எடுத்துக்கும், 60க்கு கீழ வெட்டிடுங்க. உங்க ஆம்ப்ல நைட் மோட் இருந்தா படம் பாக்கறப்ப போடுங்க, திடீர்னு வர்ற வெடிச் சத்தத்த அமுக்கும். பாட்டுக்கு வேண்டாம், பாட்டோட ஏத்த இறக்கத்த கொன்னுடும்.

ஹெட்ஃபோன் போட்டா அதுக்கும் ஒரு அளவு இருக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம்னா சராசரி 80 டெசிபல் வரைக்கும் பரவால்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 90க்கு போனா வாரம் 4 மணி நேரம்தான். அடுத்தவங்கள காப்பாத்தறேன்னு காத கெடுத்துக்காதீங்க.


தாளக்கட்டு:

ஒலிக்கூடம் சொன்னதோட நான் ஒன்னு சேக்கறேன், பாட்டு கேக்கறவங்க மட்டும் இல்ல வாசிக்கறவங்களும் இத படிப்பாங்க. எலக்ட்ரானிக் டிரம் வாங்கிட்டோம் ஹெட்ஃபோன் போட்டு அடிக்கறோம் இனிமே யாருக்கும் கேக்காதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. ரூமுக்குள்ள சத்தம் இல்லதான். ஆனா கிக் பெடல ஒவ்வொரு தடவை மிதிக்கறப்பவும் அது தரையில சுத்தியல் அடி, கீழ் வீட்ல வெறும் டொக் டொக்னு வரும், மாணவன் ஒரே பயிற்சிய திருப்பித் திருப்பி அடிக்கறப்ப கீழ இருக்கறவங்க நிலைமைய யோசிச்சு பாருங்க.

இதுக்கு நாங்க பண்றது டென்னிஸ் பால் மேடை. ஒரே அளவுல ரெண்டு கனமான பிளைவுட், ஒன்னுல பந்த விட சின்னதா வரிசையா ஓட்டை போட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டென்னிஸ் பால் உக்கார வெச்சு, அதுக்கு மேல இன்னொரு பலகைய போட்டு அதுக்கு மேல டிரம் செட்டும் ஸ்டூலும். பந்து எல்லாம் ஒரே சீரா அமுங்கணும், மேல் பலகை எந்த செவுத்தையும் தொடக்கூடாது, ஒரு ஓரம் தொட்டாலும் அதிர்வு அந்த வழியா போயிடும். முழுசா நிக்காது, ஆனா பெடல் அடி நல்லா மட்டுப்படும். பாய், கம்பளம் மட்டும் விரிச்சா பெடலுக்கு பத்தாது.

கும்கி பத்தி எழுதியிருந்தீங்களே ரசிகன், படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. அந்த ஒலி பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்கு கீழதான் வாழுது, ஆனா அதோட அழகு ஸ்தாயி வழுக்கி ஏர்ற இடத்துல இருக்கு, அதுக்கு சப்வூஃபர் அதிர வேண்டிய அவசியம் இல்ல. கிட்ட உக்காந்து கேட்டு பாருங்க, விரல் அடியும் மணிக்கட்டு அழுத்தமும் தனித்தனியா தெரியும்.


சங்கத்துக்காரர்:

எங்க குடியிருப்புல சங்க வேலை பல வருஷமா என் தலையில, சத்தப் புகார் வராத மாசம் கிடையாது. நான் பாத்த வரைக்கும் முத்திப்போன சண்டை எதுலயும் டெசிபல் காரணமே இல்ல. முதல் தடவை வந்து சொன்னப்ப கதவ பாதி திறந்துட்டு "சரி சரி பாக்கறேன்"னு சொல்லி அனுப்பினதுதான் காரணம். அப்பறம் அவரு சீலிங்ல துடைப்பக் கட்டையால தட்டுவாரு, இவரு வேணும்னே ஒரு கோடு ஏத்துவாரு, அதுக்கு மேல எந்த கம்பளமும் எந்த ரப்பரும் வேலை செய்யாது.

நீங்க கீழ போய் கேக்கப் போறீங்கல்ல, அப்ப போன் நம்பர் கொடுத்துட்டு வாங்க. "எப்ப தொந்தரவா இருந்தாலும் ஒரு மிஸ்டு கால் கொடுங்க, எதுவும் சொல்ல வேண்டாம், குறைச்சிடறேன்"னு சொல்லுங்க. கூச்சப்படறவங்களுக்கு மெசேஜ் அடிக்கறது கூட கஷ்டம், மிஸ்டு கால் சுலபம். வந்ததும் அந்த நிமிஷமே குறைக்கணும், பாட்டு முடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. ரெண்டு தடவை அப்படி நடந்துட்டா மூணாவது தடவை அவங்களே பொறுத்துப்பாங்க, நான் இத கண்ணால பாத்திருக்கேன்.

வீட்ல விசேஷம், நண்பர்கள் வர்றாங்கன்னா முன்கூட்டியே சொல்லுங்க, கூடவே எத்தன மணிக்கு முடியும்னும் சொல்லுங்க. ஆரம்பிக்கற நேரம் முக்கியமில்ல, முடியற நேரம்தான் முக்கியம். பத்துன்னு சொன்னா பத்துக்கு நிக்கணும், பத்து அஞ்சுக்கு இல்ல.

புகார் கொடுக்கற பக்கம் இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பேசிப் பாத்தும் கேக்கலைன்னா தேதி, நேரம், எவ்ளோ நேரம் நீடிச்சுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. "எப்பவும் சத்தம்"னு வந்து சொல்றவங்களுக்கு சங்கத்தால ஒன்னும் செய்ய முடியல, எழுதின நோட்டோட வர்றவங்களுக்கு முடியுது. கோவத்துல நடு ராத்திரி போய் கதவ தட்டாதீங்க, காலையில போங்க.


மாடிவீட்டு_ரசிகன்:

நேத்து சாயங்காலம் கீழ போயிட்டு வந்தேன். வீட்ல அவங்கள மேல பாட்டு போடச் சொல்லிட்டு பாப்பா தூங்கற ரூம்ல நின்னேன். சப்வூஃபர் லெவல் குறைச்ச பிறகும், ஒரே ஒரு பாட்டுல மட்டும், அதுவும் ஒரே ஒரு பேஸ் நோட்டு வர்றப்ப மட்டும் தெளிவா வந்துச்சு, மத்த நோட்டு எல்லாம் காணோம். இது ஏன்? பாப்பா குளிச்சு சாப்ட்டு எட்டரைக்கு தூங்குமாம், அதனால சப்வூஃபர் எட்டுக்கு ஆஃப், அதுக்கப்பறம் கிட்ட உக்காந்து ரெண்டு ஸ்பீக்கர் மட்டும்னு பேசி வெச்சிருக்கோம். நம்பரும் கொடுத்துட்டேன். ஆனா அந்த ஒரு நோட்ட எப்படி பிடிக்கறது?


ஒலிக்கூடம்:

அது ரூம் மோட். ரூமோட நீளம் அகலத்துக்கு ஏத்த மாதிரி ஒன்னு ரெண்டு ஃப்ரீக்வன்சி மட்டும் உள்ளயே முட்டி மோதி பெருத்துக்கும், உங்க ஹால்லயும் இருக்கும் அவங்க ரூம்லயும் இருக்கும், ரெண்டும் ஒத்துப்போன இடத்துல அந்த நோட்டு மட்டும் தூக்கிட்டு வருது. 4 மீட்டர் நீள ரூம்னா முதல் மோட் 43 ஹெர்ட்ஸ் கிட்ட, 5 மீட்டர்னா 34 கிட்ட. உங்க ஹால நீளம் அளந்து 343ஐ அந்த நீளத்தோட ரெண்டு மடங்கால வகுங்க, ஆரம்பிக்க ஒரு இடம் கிடைக்கும். அப்பறம் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்ன ஆம்போட இணைச்சு சன்னமான வால்யூம்ல 30ல இருந்து 100 வரைக்கும் மெதுவா ஏத்துங்க, கீழ ஒருத்தர் போன்ல இருக்கட்டும், எங்க பெருத்து கேக்குதோ அங்க நிறுத்தச் சொல்லுங்க. அந்த ஃப்ரீக்வன்சில மட்டும் பாராமெட்ரிக் ஈக்வலைசர்ல, அதாவது எந்த ஃப்ரீக்வன்சின்னு நாமளே குறிக்கற ஈக்வலைசர்ல, குறுகலா ஒரு வெட்டு, 6ல இருந்து 8 டெசிபல். பாப்பா முழிச்சிருக்கற நேரமா பாத்து பண்ணுங்க.